ஜாவாப் பதக்கத்தைக் கடைசியாக அணிந்தவன்

மகனே, உன் கல்யாணப் பத்திரிகை செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது. வாங்கியவன் நான்தான். உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒட்டின இடத்தை நகத்தால் நீவியும் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆலை கேட்டில் நின்று, போகிறவன் வருகிறவன் மடியைத் தடவிப் பிழைத்தவனுக்கு ஒரு காகிதத்தை வேறு எப்படிப் பிடிக்கத் தெரியும்? உள்ளே அச்சில் என் பெயர் இருந்தது. அதில் மயங்க நான் ஆள் இல்லை. பெண் வீட்டார் அடித்த பத்திரிகை அது. இன்னாருடைய குமாரன் என்று போடாமல் எந்த அச்சகத்துக்காரனும் அடிக்க மாட்டான். நீ உன் கையால் உறைமேல் எழுதியதைத்தான் பார்த்தேன். அங்கே உன் அம்மாவின் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர் எழுதுகிற அளவுக்கு ஒரு விரல் அகலம் காலியாக இருந்தது. நீயாக விட்ட இடமா, தானாக விழுந்த இடமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன் அம்மாவைக் கேட்டதற்கு, "பேப்பர்ல காலி எடம் கீதுன்னா அதுக்கும் ஒரு விசாரணையா? புள்ள மனசு நொந்து எழுதிக்கிறான். பாத்துட்டுக் கம்முனு கெட" என்றாள்.

கம்மென்று கிடக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நீ வீட்டை விட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. நாங்கள் இருக்கும் ராயபுரத்துக்கும் நீ இருக்கும் பெரம்பூருக்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது? ஒரு பீடி பற்றவைத்தால் பாதி வழி. அந்தத் தூரத்தை நானும் கடக்கவில்லை, நீயும் கடக்கவில்லை. வருகிற வியாழக்கிழமை காலையில் உன் கழுத்தில் நம் வீட்டுப் பதக்கம் ஏறவேண்டும். அதை ஏற்றுகிற இடத்தில் நான் இருக்கலாமா கூடாதா என்று நீதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன்னால் நான் செய்ததை எல்லாம் என் வாயாலேயே கேட்டுவிடு. பாதி உனக்குத் தெரியும், மீதி தெரியாது.

பதக்கத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வரப்போகிற மருமகள் இந்தக் கடிதத்தைப் படிக்கலாம், அவளுக்காகச் சொல்கிறேன். நம் முன்னோர் ஒருவர், எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று எண்ண எனக்கு விரல் போதாது, வெள்ளைக்காரக் கும்பினியின் பயனியர் பட்டாளத்தில் ஜமேதாராக இருந்தார். மண் வெட்டிப் பாதை போட்டு, கோட்டைச் சுவரில் சாத்துவதற்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிற பட்டாளம் அது. இங்கே நம் கரையிலிருந்துதான் படகில் ஏறி, கப்பல் மாறி, ஜாவாத் தீவுக்குப் போனார். அங்கே பெரிய கோட்டை ஒன்றைப் பிடித்தார்கள். அந்த வெற்றிக்காக அடித்த தங்கப் பதக்கம் அது. ஒரு பக்கம் சிப்பாய்கள் கோட்டைமேல் ஏறுகிறார்கள், கொடி பறக்கிறது. மறுபக்கம் பாரசீக எழுத்து. நம் வீட்டில் இன்றுவரை யாரும் அதைப் படித்ததில்லை. அதிகாரியாக இருந்தவர்களுக்கு மட்டும்தான் தங்கம் என்பதால் எண்ணிக்கை குறைவு. மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக் கொடுத்தார்களாம். வெள்ளைக்காரன் ஏதோ நினைத்து மஞ்சள் கொடுத்திருப்பான். நம் ஆட்களுக்கு மஞ்சள் கயிற்றைப் பார்த்தால் கல்யாணம்தான் நினைவுக்கு வரும். அப்படித்தான் நம் வீட்டு வழக்கம் பிறந்தது. நம் வீட்டு மாப்பிள்ளை பந்தலுக்குள் நுழையும்போது அந்தப் பதக்கம் அவன் கழுத்தில் இருக்கவேண்டும். பழைய கயிற்றைக் கடலில் விட்டுவிட்டுப் புதுக் கயிற்றை மஞ்சளில் நனைத்துக் கோக்க வேண்டும். போட்டுவிடுகிறவர், அதற்கு முன்னால் அதைக் கடைசியாக அணிந்தவராக இருக்க வேண்டும். எனக்கு என் சித்தப்பா போட்டார். எனக்குப் பின்னால் நம் வீட்டில் ஆண் பிள்ளை நீ ஒருவன்தான். அதனால் உனக்குப் போடுவது என் உரிமை. நீ பிறந்த அன்றைக்கே, உன் தலை நிற்காத வயசிலேயே, உன் கழுத்தைப் பார்த்துவிட்டு அதை நினைத்துக்கொண்டவன் நான்.

எனக்குச் சந்தேகம் ஆலையில் தொற்றிய வியாதி என்று உன் அம்மா சொல்வாள். இல்லை. அதற்கு முன்பே இருந்தது, ஆலை அதற்குக் காக்கி உடுப்பு மாட்டிவிட்டது, அவ்வளவுதான். யுத்தக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானதே, நினைவிருக்கிறதா? நாமும் மாட்டுவண்டி பிடித்து ஆரணிப் பக்கம் போனோம். உன் அம்மா பதக்கத்தைத் தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்திருந்தாள். பூந்தமல்லி தாண்டுவதற்குள் நான் நாலு முறை கேட்டேன், இருக்கிறதா என்று. ஐந்தாவது முறை கேட்டபோது தலையணையை என் மடியில் போட்டு, "நீயே கட்டிப் புட்ச்சிகினு வா. குண்டு வுழுந்தா நானும் புள்ளயும் சாவறோம், நீயும் தலகாணியும் பொயச்சிக்குங்க" என்றாள். வண்டிக்காரன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பின்மேலும் சந்தேகம் வந்தது. தலையணைக்குள் என்ன என்று இவனுக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஊர் போய்ச் சேரும்வரை அவன் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேட்டில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. எதிலே என்ன ஒளியும் என்று தெரிந்திருக்க வேண்டும், வாயால் கேட்கக் கூடாது. கேட்டால் எதிராளி பொய்யைத் தயார் செய்துகொள்வான். தோள், அக்குள், இடுப்பு, கணுக்கால் என்று வரிசையாகக் கை போகவேண்டும், பேச்சு இருக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் என்னை நன்றாக ஏமாற்றினான். பித்தளை வால்வு ஒன்று காணாமல் போய், மறுநாள் அதே இடத்தில் திரும்பி வந்திருந்தது. கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, வந்தது பித்தளை இல்லை, சாயம் பூசின இரும்பு. மேலதிகாரி என்னைப் பத்துப் பேர் முன்னால் முட்டாள் என்றார். அன்றைக்கு ஒன்று கற்றேன்: காணாமல் போனது தானாகத் திரும்பி வந்தால் அதை நம்பாதே. கேட்டில் அது சரியான பாடம். அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஆலையிலிருந்து நான் திருடிக்கொண்டு வந்த ஒரே பொருள் அதுதான்.

சுதந்திரம் வந்து கொஞ்ச நாளில், கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் நம் தெருவுக்கு வந்தார். பழைய நாணயம், பதக்கம் எல்லாம் சேர்க்கிறவர். நம் வீட்டில் ஜாவாப் பதக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், பார்க்கலாமா என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். தங்கத்தில் இது உலகத்திலேயே மிகச் சொற்பம், தேய்மானமே இல்லாமல் இருக்கிறது, யாரிடமும் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விற்பீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லி மறந்திருப்பேன். கேட்காமல் போனதால் எனக்குத் தூக்கம் கெட்டது. இவருக்கு யார் சொன்னது? உன் அம்மாவா? நீயா? அக்கம்பக்கமா? அதுவரை சாமி அலமாரியில் ஒரு தகர டப்பாவில் கிடந்த பொருள் அது. சின்ன வயசில் நீ அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ராஜா மாதிரி நடப்பாய். அன்றிலிருந்து அதற்கு நிரந்தர விலாசம் இல்லாமல் போயிற்று. குடைக்குள் வைத்தேன், பழைய செருப்புக்குள் வைத்தேன், அரிசிக்குள் வைத்தேன். கடைசியில் கல்லுப்பு சேர்த்து வைக்கிற பெரிய பானையின் அடியில் புதைத்து, உப்பின்மேல் விரலால் ஒரு கோடு கிழித்து வைத்தேன். தினமும் கோட்டைப் பார்த்த பிறகுதான் காபி.

இப்போது தேசப்பனுக்கு வருகிறேன். மருமகளே, இவன் என் மகனின் உயிர்த் தோழன், திருவொற்றியூர்க் குப்பத்துப் பையன். இவன் அப்பா கட்டுமரத்தில் போய்க் கடலோடு போனவர். அதனால் இவன் அம்மா இவனைக் கடல் பக்கமே விடாமல், என் காலில் விழாத குறையாகக் கேட்டு, எங்கள் ஆலையில் கூலி வேலைக்குச் சேர்த்தாள். சேர்த்துவிட்டவன் நான். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான். அவனுக்குக் கல்யாணம் வந்தபோது நம் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தான். நான் போகவில்லை. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் உப்புப் பானைக்கு யார் காவல் என்று நினைத்தேன். வயிற்றுவலி என்று பொய் சொன்னேன்.

நீ காலையிலேயே கல்யாணத்துக்குப் போய்விட்டாய். மத்தியானம் பானையைத் திறந்தேன். கோடு இருந்தது. ஆனால் அது என் கோடு இல்லை. நான் இடது பக்கம் கொஞ்சம் வளைத்துக் கிழிப்பேன், இது நேராக இருந்தது. கையை விட்டுத் துழாவினேன், பதக்கம் இல்லை. நான் கத்தவில்லை. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எடுத்த கை திரும்பி வரும் என்று காத்திருந்தேன். சாயங்காலம் நீ வந்தாய், நான் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன், திரும்பி வந்து பார்த்தால் பதக்கம் பானைக்குள் இருந்தது. என் கல்யாணத்தில் கட்டின கயிறு கருத்துப்போய்க் கிடந்ததே, அது இல்லை. அதன் இடத்தில் புதுக் கயிறு, ஈரம் காயாத மஞ்சளோடு. வேறொருவனாக இருந்தால் உடனே புரிந்திருக்கும். திருட்டுத்தனமாக எடுத்துப் போனவன்கூட வழக்கத்தை மீறாமல் கயிறு மாற்றியிருக்கிறான், அப்படியானால் அது ஒரு மாப்பிள்ளை கழுத்தில்தான் ஏறியிருக்கிறது என்று புரிந்திருக்கும். எனக்குச் சாயம் பூசின வால்வுதான் கண்ணுக்கு வந்தது. பதக்கத்தை மாற்றிவிட்டார்கள், அது தெரியாமலிருக்கக் கயிற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் தேசப்பன் வேலைக்கு வந்தான். சட்டைக் காலரில் மஞ்சள் கறை. பின்கழுத்தில் கயிறு அழுந்தின இடம் ஒரு கோடாக மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனைத் தனியாகக்கூட அழைத்துப் போகவில்லை. நாற்பது பேர் உள்ளே நுழைகிற நேரத்தில், கேட்டுக்கு நடுவில் நிறுத்தி, கையத் தூக்கு என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துத் தூக்கினான். சட்டையைக் கழற்றச் சொன்னேன், வேட்டியை அவிழ்க்கச் சொன்னேன், கோவணத்தோடு நிறுத்தினேன். கல்யாணமாகி மூன்று நாள் ஆன பிள்ளை. அவன் கையில் வாழை இலையில் மடித்த ஒரு பொட்டலம் இருந்தது, மாமியார் வீட்டு அதிரசம். எனக்குக் கொடுக்கத்தான் கொண்டுவந்தான் என்று பிறகு தெரிந்தது. நான் அந்த அதிரசத்தை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். ஏழு அதிரசம். "இன்னா நைனா, பணியாரத்துக்குள்ள இன்னா கீது?" என்று கேட்டான். குரல் உடைந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நைனாகிட்டயே சுட்டுட்டியா மச்சி?" என்றான் ஒருவன். அந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் புள்ளதான் எட்த்தாந்து என் கழுத்துல போட்டான் என்று சொல்லியிருந்தால் அவன் மானம் தப்பியிருக்கும், உன் பெயர் கெட்டிருக்கும். சொல்லவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே போனான். உள்ளே திரும்பி வரவே இல்லை. மறுவாரம் கட்டுமரத்தில் ஏறினான் என்று கேள்விப்பட்டேன். அவன் அம்மா எதற்குப் பயந்து அவனை என்னிடம் ஒப்படைத்தாளோ, அங்கேயே நான் அவனை அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் நீ வந்து நின்ற கோலம் எனக்கு மறக்காது. "நான்தான் எட்த்தேன், நைனா. என் கையாலதான் அவன் கழுத்துல போட்டேன். பந்தல்ல மாப்புள பக்கம் நிக்கறதுக்கு அவனுக்கு யாரு கீறா? அப்பன் இல்லாதவன், எனக்குக் கூடப்பொறந்தவன் மாரி. உன்னக் கேட்டா குடுத்துருப்பியா?" என்றாய். கொடுத்திருக்க மாட்டேன்தான். ஆனால் அப்போதும் உன்னை நம்பவில்லை. மறுநாள் பதக்கத்தைப் பொற்கொல்லரிடம் கொண்டுபோனேன். அவர் உரசிப் பார்த்தார், நல்ல தங்கம் என்றார். விளிம்பில் வெட்டிப் பார்க்கச் சொன்னேன். வெட்டினார், உள்ளேயும் தங்கம். நீயும் அவரும் கூட்டோ என்று நினைத்து வேறொரு பொற்கொல்லரிடம் போனேன். அவரும் ஒரு வெட்டு வெட்டினார். கும்பினி காலத்திலிருந்து ஒரு கீறல் இல்லாமல் வந்த பொருளில் இப்போது இரண்டு வெட்டு இருக்கிறது. இரண்டும் என் சந்தேகத்தின் பல் பதிந்த இடம். வீட்டுக்கு வந்தால் நீ டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாய். தங்கம்தான் என்று எனக்கு அப்போது தெரியும். அப்படித் தெரிந்தும் என் கை பெட்டிக்குப் போயிற்று. ஏன் போயிற்று என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. உன் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். நீ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாய். "நல்லாப் பாத்துக்கோ நைனா. அப்பால அது இல்ல இது இல்லன்னு சொல்லக் கூடாது" என்றாய். உன் அம்மா சமையல்கட்டில் அழுதுகொண்டிருந்தாள். இந்த ஏழு வருடத்தில் நான் கண்ணை மூடினால் தெரிவது தூக்கின அந்த இரண்டு கைதான்.

அப்போதே வந்து உன் கையைப் பிடித்து இறக்கியிருக்க வேண்டும். வரட்டும், கேட்காமல் எடுத்தது அவன்தானே என்று வீம்பு பிடித்தேன். பிறகு உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் காணாமல் போக ஆரம்பித்தாள். நெற்றியில் குங்குமம் இருக்காது, பையில் ரயில்வே காலனி வாசலில் விற்கிற கொய்யாப்பழம் இருக்கும். சும்மா இருப்பேனா? ஒரு வெள்ளிக்கிழமை பின்னாலேயே போனேன். பெரம்பூரில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ ரயில்வே பட்டறை உடுப்போடு, கையெல்லாம் மசியோடு, உன் அம்மாவுக்குக் கொய்யாப்பழத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாய். இளைத்திருந்தாய். மீசை வந்திருந்தது. என் அப்பாவின் மீசை. அங்கேயே அழுதுவிட்டேன். ஆயுசு முழுதும் சந்தேகப்பட்டதில் எனக்குக் கிடைத்த லாபம் அந்தக் கால் மணி நேரம் ஒன்றுதான். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்தேன். உன் அம்மாவுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியாது. போன மாதம்தான் சொன்னாள்: "மரத்துக்குப் பின்னாடி நிக்கறவன் செருப்ப மறச்சிகினு நிக்கணும். கேட்டுல இத்தகூட சொல்லிக் குடுக்கல?"

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் என்னைவிட அடிபட்டவன் இல்லை. உன் வீட்டுக்காரி வீட்டுக்கு வர நேரமானால் ஏன் என்று கேள், ஒரு முறை கேள், சொன்னதை நம்பு. இரண்டாம் முறை கேட்காதே, இரண்டாம் முறை கேட்பது கேள்வி இல்லை. அவள் பெட்டியைத் திறக்காதே. அவள் ஒன்றை உன்னிடம் மறைத்தால், மறைக்கும்படி நீ எப்படி நடந்துகொண்டாய் என்று முதலில் உன் மடியைத் தடவிப் பார். பிள்ளை பிறந்தால் அவன் நீட்டுகிற கையைப் பார்த்துப் பயப்படாதே. மருமகளே, என் ரத்தம் இவன் உடம்பிலும் ஓடுகிறது. என்றாவது இவன் உன் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்க்க வந்தால், உன் மாமியாரைக் கூப்பிடு. அவள் பார்த்துக்கொள்வாள்.

இனி உனக்குத் தெரியாத பாதி. பத்திரிகை வந்த மூன்றாம் நாள் பதக்கத்தை வேட்டித் துண்டில் முடிந்துகொண்டு திருவொற்றியூர்க் குப்பத்துக்குப் போனேன். தேசப்பன் மணலில் உட்கார்ந்து கட்டுமரத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். உடம்பு கடல்காரன் உடம்பாக ஆகிவிட்டது. பக்கத்தில் இரண்டு குழந்தைகள். என்னைப் பார்த்தவன் எழுந்திருக்கவில்லை. "வா நைனா" என்று மட்டும் சொன்னான். முடிச்சை அவிழ்த்துப் பதக்கத்தை அவன் முன்னால் நீட்டி, "கடசியா இத்தப் போட்டவன் நீ. வயக்கப்படி அவனுக்கு நீதான் போடணும். நான் இல்ல" என்றேன். எனக்கு அது எத்தனை வலித்தது என்று உனக்குத் தெரியும். இருபத்தேழு வருடம் நினைத்து வைத்திருந்தது. அவன் அதை வாங்கவில்லை. எழுந்தான். சுற்றிலும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். "கையத் தூக்கு நைனா" என்றான்.

தூக்கினேன். அவன் பெண்டாட்டி ஓடிவந்து, "இன்னாய்யா இது, பெரியவரப் போயி" என்று அவன் கையைப் பிடித்தாள். "நீ கம்முனு இரு. இது எங்க ரெண்டு பேரு கணக்கு" என்றான். தோள், அக்குள், இடுப்பு, கணுக்கால் என்று நான் அவனைத் தடவின அதே வரிசையில், அவசரப்படாமல் தடவினான். குப்பம் முழுக்கப் பார்த்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது. கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஆயுசில் முதல் முறையாகத் தெரிந்தது. ஒன்றும் எடுக்காதவனுக்கும் எதையோ எடுத்துவிட்ட மாதிரி உடம்பு கூசுகிறது. இடுப்பில் அவன் கை நின்றது. மடியிலிருந்து மடித்த உறையை எடுத்தான். உன் பத்திரிகை வந்த உறை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். உன் அம்மாவின் பெயர், அதற்குக் கீழே காலியாக இருந்த ஒரு விரல் அகலத்தில், நான் பென்சிலால் எழுதி வைத்திருந்த என் பெயர்.

"இது அவன் எயுத்து இல்லியே" என்றான். "இல்ல. நான்தான் எயுதிகினேன்" என்றேன். கேட்டில் எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன், பிடிபட்டது அன்றைக்குத்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டான். நான் உனக்குச் செய்யாததை அவன் எனக்குச் செய்தான். "பேனாவுல எயுதிக்க வேண்டிதானே நைனா, இன்னாத்துக்கு பென்சிலு?" என்று கேட்டான். அவன் பெண்டாட்டி ஒரு தட்டில் அதிரசம் கொண்டுவந்து வைத்தாள். தெரிந்து வைத்தாளோ, வீட்டில் இருந்ததை வைத்தாளோ, அதை ஆராயவில்லை. தேசப்பன் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உடைக்காமல் முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்குவதற்குள் கண்ணில் நீர் வந்தது. அதற்கு அதிரசம் மட்டும் காரணம் இல்லை.

பதக்கத்தை அவன் குழந்தை கையில் வைத்துவிட்டு வந்தேன். ஓலைக் குடிசை, கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. எங்கே வைப்பாய் என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். பஸ் நிற்கிற இடம் வந்ததும் பழைய புத்தி என்னைப் பிடித்தது. குழந்தை மணலில் புதைத்திருக்குமோ? ஏழு வருடக் கோபத்துக்கு அவன் அதை உருக்கிவிட்டால் நான் யாரைக் கேட்பது? மூன்று அடி திரும்பி நடந்தேன். நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இன்றைக்கு நாலு நாள் ஆகிறது. அது அவனிடம் இருக்கிறதா, இல்லையா, எனக்குத் தெரியாது. ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் சாப்பிட்டு எழுந்தது இந்த நாலு நாள்தான். உன் அம்மா என்னை அடிக்கடி உற்றுப் பார்க்கிறாள், உடம்பு சரியில்லையோ என்று.

வியாழக்கிழமை தேசப்பன் வருவான். புதுக் கயிற்றை மஞ்சளில் நனைத்துக் கொண்டுவருவான் என்று நினைக்கிறேன். ஒருவேளை வெறும் கையோடு வந்தால், அது எங்கே என்று அவனைக் கேட்காதே. வெறும் கையாலேயே உன் கழுத்தைத் தொடச் சொல். நானும் கேட்க மாட்டேன், அவன் முகத்தைக்கூட உற்றுப் பார்க்க மாட்டேன். உன் அம்மா பந்தலுக்குள் வருவாள். நான் வாசலில் நிற்பேன், கேட்டில் நின்று பழகினவனுக்கு அது சிரமமில்லை. அந்த உறை அவள் கையில் இருக்கும், வாங்கிப் பார். அதில் என் பெயரைப் பென்சிலால் எழுதியதற்குக் காரணம், வேண்டாமென்றால் நீ அழித்துவிடலாம் என்பதுதான். வேண்டுமென்றால் அதன் மேலேயே பேனாவால் எழுது. அது நீ எழுத வேண்டியது.